ஆந்திர கேசரி பிரகாசம் பந்துலுவும் ஜமீன் நிலங்களும்

கடையநல்லூரைச் சுற்றி ஒரு காலத்தில் ஜமீன்கள் பல இருந்தன. வடக்கே அடுத்திருப்பது சொக்கம்பட்டி, வாசுதேவநல்லூரைக் கடந்தால் சிவகிரி, கிழக்கே ஊற்றுமலை, தெற்கே மணிமுத்தாற்றின் மலைப்பகுதியில் சிங்கம்பட்டி. அயன் நிலம், ஜமீன் நிலம், இனாம் நிலம் என்னும் பாகுபாடு நம் பாட்டனார் காலத்து உழவர் யாவரும் அறிந்ததே. அயன் நிலத்து உழவன் சர்க்காருக்கு நேரே தீர்வை கட்டினான். ஜமீன் நிலத்து உழவனுக்கும் சர்க்காருக்கும் இடையே ஒரு குடும்பம் நின்றது. உழவன் அக்குடும்பத்துக்கு அளந்தான்; அக்குடும்பம் தான் பெற்றதில் ஒரு பகுதியைச் சர்க்காருக்குச் செலுத்திற்று. இவ்வமைப்பு 1802-ஆம் ஆண்டில் சட்டமாகி, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிந்தது.

அந்த நூற்றைம்பது ஆண்டின் பிற்பகுதியில் நம் மாகாணத்திற் சட்ட சபைகள் தோன்றின, தேர்தல்கள் நடந்தன, மந்திரிகள் வந்தனர். வாக்குச் சீட்டு வந்த பின்னரும் சிலரது கை எங்ஙனம் ஓங்கி நின்றது என்பதை அறிய விரும்புவோர், டங்குடூரி பிரகாசம் பந்துலுவின் வாழ்க்கையைப் பயிலுதல் நலம். பண்டை யவன நாட்டு அரிஸ்டாட்டில் ஆட்சிவகைகளை ஆராய்ந்தபோது, சிலராட்சிக்கு உண்மையான அடையாளம் ஆள்வோரின் தொகை சிறுத்திருப்பதன்று, அவர்கள் செல்வராயிருப்பதே என்று கண்டார். அவ்வாறாயின் பலர் கூடி வாக்களிக்கும் நாட்டிலும் சிலராட்சி உறைதல் கூடும். பிரகாசம் தெலுங்கர், நம் ஜில்லாவினர் அல்லர். எனினும் அவர் எழுப்பிய கேள்வி நம் வயல்களைப்பற்றியதே ஆதலின், அவரை அயலார் எனக் கொள்ள நமக்கு மனம் ஒப்பவில்லை.

பிரகாசம் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23-ஆந் தேதி ஒங்கோலையடுத்த விநோதராயுனிபாளையம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். நம் தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் பிள்ளை பிறந்ததும் அதே ஆண்டு, பதின்மூன்று நாள் கழித்து. பிரகாசத்தின் தந்தையார் கோபாலகிருஷ்ணய்யா, மகன் சிறுவனாயிருக்கும்போதே காலமானார். தாயார் சுப்பம்மாள் ஒங்கோலுக்குக் குடிபெயர்ந்து, வெளியூரிலிருந்து வருவோர்க்குச் சமைத்துப் போடும் ஒரு சாப்பாட்டு விடுதி நடத்தி மக்களைக் காத்தனர். பரீட்சைக் கட்டணத்துக்கும் பிறரை நாடவேண்டிய வறுமை. நாடக மேடையில் நாட்டமுடைய அச்சிறுவனை ஆதரித்தவர் ஹனுமந்தராவ் நாயுடு என்னும் ஆசிரியர். தாம் ராஜமகேந்திரவரம் சென்றபோது அவனையும் உடனழைத்துச் சென்று படிக்கவைத்தார். அவ்வாசிரியர் இல்லையேல் ஒங்கோல் வீதிகளில் ஒரு குறும்புக்காரப் பிள்ளை எஞ்சியிருப்பான். ஆந்திர கேசரி தோன்றியிரார். ஆசிரியத் தொழிலிற் புகக் கருதும் நம் மாணாக்கர் இவ்விடத்திற் சற்று நின்று செல்க.

பின்னர் அவர் சென்னையிற் சட்டம் பயின்று, இரண்டாந்தர வக்கீலாகி, ஒங்கோலிலும் ராஜமகேந்திரவரத்திலும் தொழில் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். ராஜமகேந்திரவரம் நகரசபைத் தலைவராகவும் ஆனார். ஆயினும் இரண்டாந்தர வக்கீல் கீழ்க் கோர்ட்டுகளிலே வாதாடலாமேயன்றி ஹைக்கோர்ட்டு ஏற இயலாது. வழக்கறிஞர்க்குள்ளேயே இருந்த இப்படிநிலை அவருக்கு உறுத்தியிருத்தல் வேண்டும். முப்பது வயது கடந்த பின் கடலேறி இங்கிலாந்து சென்று, பாரிஸ்டராகி, 1907-இல் திரும்பிச் சென்னை ஹைக்கோர்ட்டிற் புகுந்தார். சில ஆண்டுகளில் அவர் பெயர் முன்வரிசையில் நின்றது.

நம் பகுதியினர் அவரை நினைத்தற்கு முதற் காரணம் அக்காலத்தில் நேர்ந்தது. 1911-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் நமக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையின் வாஞ்சிநாதன். அதனைத் தொடர்ந்து நீலகண்ட பிரமசாரி முதலிய பதினால்வர் மீது சென்னை ஹைக்கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் முன் வழக்கு நடந்தது. ராஜத் துவேஷம் என்ற சொல்லைக் கேட்டாலே வக்கீல்கள் விலகி நடந்த அந்நாளில், எதிரிகளுக்காக வாதாட முன்வந்தோருள் பிரகாசமும் ஒருவர்.

இத்துணை வருவாய் உடைய தொழிலை அவர் 1921-இல் ஒரேயடியாக விட்டார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்திற் சேர்ந்து, அவ்வாண்டே ஸ்வராஜ்யா என்னும் பத்திரிகையைச் சென்னையில் தொடங்கி, ஆங்கிலம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் வெளியிட்டார். தாம் ஈட்டிய செல்வம் யாவற்றையும் அதிலே கொட்டினார். பத்திரிகை புகழ் பெற்றது, பணம் பெறவில்லை. கடன் மிகுந்து முடிவில் நின்றுபோயிற்று. செல்வர் பத்திரிகை நடத்துவது செல்வத்தைக் காத்தற்பொருட்டு என்பது உலக வழக்கு; பத்திரிகையினால் செல்வத்தை அழித்துக்கொண்ட பாரிஸ்டர் இவர். இது வீரமா, விவேகமின்மையா என்று கேட்பின், இரண்டும் என்றே நாம் கூறுவோம். இதன் விளைவை அவர் முதுமையில் அனுபவிக்க நேர்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆந் தேதி சைமன் கமிஷன் இந்தியக் கரையில் இறங்கியபோது, சென்னையிற் கடையடைப்பு நடந்தது. ஹைக்கோர்ட்டின் அருகே போலீசார் சுட்டதில் உயிர்ச்சேதம் உண்டாயிற்று. இறந்தவனைக் காணவேண்டுமென்று சென்ற பிரகாசத்தைத் துப்பாக்கி தாங்கிய சிப்பாய்கள் மறித்தனர். அவர் தம் சட்டையைத் திறந்து மார்பைக் காட்டி நின்றார். வழி கிடைத்தது. ஆந்திர கேசரி என்ற பட்டம் அன்று முதல் வழங்கலாயிற்று. அவர் பெயரைக் கேட்டவுடன் யாவரும் இக்காட்சியையே கூறுவர். நம் கருத்து வேறு. ஒரு கணத்தில் மார்பைத் திறத்தல் அரியதுதான். எனினும் பத்தாண்டுகள் கழித்துத் தூசிபடிந்த பழைய ரெகுலேஷன்களையும் சன்னதுகளையும் திறந்து வைத்துக்கொண்டு அவர் செய்த வேலையே அதனினும் அரியது.

அதனை விளக்கச் சட்ட வரலாறு சிறிது கூறவேண்டும், படிப்போர் பொறுத்தருள்க.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1802-ஆம் ஆண்டு 25-ஆம் ரெகுலேஷனால் நம் மாகாணத்திற் சாசுவத நிலவரித் திட்டத்தை நிறுவினர். ஜமீன்தார் ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய பேஷ்குஷ் தொகை என்றென்றைக்கும் மாறாது என்று சன்னது எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்நாளைய வசூலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, எஞ்சியது ஜமீன்தாருக்கு என்பது பொதுவான கணக்கு. ஆனால் சர்க்காருக்குரிய தொகை மாறாமல் நிற்க, உழவனிடம் வாங்கும் தொகை நில்லாமல் வளர்ந்தது. விளைச்சல் ஏறியது, விலை ஏறியது, புதுநிலம் உழவுக்கு வந்தது; அவ்வுயர்வு முழுதும் நடுவே நின்றவரிடமே தங்கிற்று. அதே 1802-இல் இயற்றிய 28-ஆம் ரெகுலேஷன், பாக்கி வைத்த குடியானவனின் பொருள்களைக் கோர்ட்டுக்குப் போகாமலே ஜப்தி செய்யும் அதிகாரத்தை ஜமீன்தாருக்கு அளித்தது. குடியானவனுக்குப் பட்டா கொடுத்தாக வேண்டும் என்று விதித்த 30-ஆம் ரெகுலேஷனும் அவ்வாண்டினதே. முன்னது நாட்டில் நடந்தது. பின்னது ஏட்டில் இருந்தது.

1908-இல் வந்த எஸ்டேட் நிலச் சட்டம் குடியானவனுக்கு நிலத்தில் நிலையான அனுபோக உரிமையை வழங்கியது. அது பெருநன்மையே. ஆயினும் அவ்வுரிமையை நிலைநாட்ட அவன் ரெவின்யூ கோர்ட்டு, ஜில்லாக் கோர்ட்டு, ஹைக்கோர்ட்டு என்று ஏறி, வேண்டுமாயின் லண்டன் பிரிவி கவுன்ஸில் வரை செல்லவேண்டும். ஜமீன்தாருக்கு வழக்கு என்பது காரியஸ்தர் பார்த்துக்கொள்ளும் ஒரு செலவு. உழவனுக்கு அது ஏர்மாட்டின் விலை. சட்டம் இருவரையும் ஒரே தராசில் நிறுத்தினாலும், தராசினிடம் வந்து சேரும் வழிச்செலவு ஒருவர்க்கே கட்டுபடியாயிற்று.

நிற்க. 1920 முதல் மாகாணச் சட்ட சபை விரிந்தது, மந்திரிகள் வந்தனர். வாக்குரிமை சொத்தும் வரியும் உடையோர்க்கே உரியதாயிருந்தது. போதாதென்று, பெருநிலக்காரர்க்கு என்று தனித் தொகுதிகளும் ஒதுக்கப்பட்டன. முதன் மந்திரிகளின் வரிசையை நோக்குக: பனகல் ராஜா ஒரு ஜமீன்தார், சுப்பராயன் குமாரமங்கலம் ஜமீன்தார், பொப்பிலி ராஜா பெரும் ஜமீன்தார். இடையே 1930-இல் அப்பதவிக்கு வந்த முனுசாமி நாயுடு அக்கூட்டத்தினர் அல்லர். 1932-இல் ஜமீன்தார்கள் முன்னின்ற எதிர்ப்பினால் அவர் விலகவேண்டியதாயிற்று. பொப்பிலி ராஜா அவ்விடத்துக்கு வந்தார். ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியினர் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியதும், அறநிலையங்களைக் கண்காணிக்கச் சட்டம் செய்ததும், பிராமணரல்லாதார்க்கு உத்தியோக வழி திறந்ததும் மறக்கற்பாலன அல்ல. அவர்களை வெறும் செல்வர் கூட்டம் என்று தள்ளுவோர் வரலாற்றைக் குறைத்துப் படிப்போர். ஆனால் நிலத்தைப்பற்றிய கேள்வி வரும்போதெல்லாம் கட்சியின் கால்கள் தளர்ந்தன என்பதும் உண்மையே. வீட்டுக்காரரே பஞ்சாயத்தாரும் ஆனால், வீட்டெல்லையைப்பற்றிய பிராது எங்ஙனம் தீரும்?

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் தொகை பெருகியிருந்தது. 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் பெற்றது. பொப்பிலி ராஜா தம் சொந்தத் தொகுதியிலேயே தொழிற்சங்கத் தலைவர் வி. வி. கிரியிடம் தோற்றார். எனினும் அச்சட்ட சபையின் அமைப்பை உற்று நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். நிலச்சுவான்தார்களுக்கு ஆறு தனி இடங்கள்; மாகாணத்துத் தொழிலாளர் அனைவர்க்கும் சேர்த்து அதே ஆறு இடங்கள். வாணிகர்க்கும் ஆறு. இஃதன்றி, மேற்சபை என்று ஒன்றும் புதிதாக அமைக்கப்பட்டது. தேர்தலில் தோற்றாலும் சட்டத்தைத் தாமதிக்க வழியுண்டு என்பதனை அறிந்தோர் அவ்வமைப்பை வகுத்தனர் போலும்.

ராஜகோபாலாச்சாரியார் தலைமையில் அமைந்த மந்திரிசபையிற் பிரகாசம் ரெவின்யூ மந்திரியானார். ஜமீன் நிலங்களை விசாரிக்க இரு சபை உறுப்பினரும் அடங்கிய ஒரு கமிட்டி ஏற்பட்டது. பிரகாசமே அதன் தலைவர். ஜமீன் ஊர்களுக்கே கமிட்டி சென்றது. குடியானவரும் சாட்சி கூறினர். ஜமீன்தார்களும் அவர்தம் வக்கீல்களும் கூறினர். பட்டணத்தில் நாற்காலியிட்டு மனுக்களை வாங்குவதோடு நின்றிருக்கலாம். ஊருக்குப் போனதனால், காட்டில் விறகெடுக்கத் தடை, மேய்ச்சலுக்கு வரி, ஏரி பழுதுபாராமை, கணக்கில் ஏறாத மாமூல் என்று சட்டப்புத்தகத்தில் இல்லாத பல செய்திகள் ஏட்டில் ஏறின. சாட்சியங்கள் பல தொகுதிகளாக அச்சாயின.

1938-ஆம் ஆண்டின் முடிவில் அறிக்கை வெளிவந்தது. அதன் சாரம் இது. நிலத்தின் உடைமையாளன் உழவனே; ஜமீன்தார் தீர்வை தண்டிக் கொடுக்க நியமிக்கப்பட்டவர் மட்டுமே. 1802-இல் சர்க்காருக்கும் ஜமீன்தாருக்கும் இடையே தொகை நிலைநிறுத்தப்பட்டபோது, ஜமீன்தாருக்கும் உழவனுக்கும் இடையேயுள்ள தொகையும் உடன் நிலைநிறுத்தப்பட்டது என்றே கொள்ளவேண்டும். ஆகவே அவ்வாண்டுக்குப் பின் ஏற்றியவை உரிமையற்ற ஏற்றங்கள். பழைய அளவுக்கே தீர்வை குறையவேண்டும்.

இது எத்துணைப் பெரிய கூற்று என்பதை எண்ணிப் பார்க்க. ஜமீன்தார்கள் தம் சன்னதைக் காட்டி, நிலம் எமது, அரசே எழுதிக் கொடுத்தது என்று நூறாண்டுக்கு மேலாகச் சொல்லி வந்தனர். பிரகாசம் அச்சன்னதை மறுக்கவில்லை. அதையே திரும்பப் படித்தார். சர்க்கார் தனக்கில்லாத ஒன்றைப் பிறர்க்கு எழுதிக் கொடுத்தல் இயலாது என்பது அவர் படிப்பின் உட்பொருள். செல்வரின் சட்டத்தை அவர்தம் சட்டத்தைக் கொண்டே அளக்கும் இவ்வழக்குத் திறன், ஹைக்கோர்ட்டில் அவர் கற்றது வீண்போகவில்லை என்பதைக் காட்டுகின்றது. 1802-இன் ஏடுகள் அத்துணைத் தெளிவாக அவர் பக்கம் நிற்கின்றனவா என்பதில் அறிஞர் வேறுபடலாம். கமிட்டியிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. தீர்வையை ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின்தள்ளுதல் நடைமுறையில் எளிதன்று என்பதையும் நாம் ஒப்புக்கொள்வோம். ஆயினும் கேள்வி இடம்மாறிவிட்டது. உழவனுக்கு எவ்வளவு சலுகை தரலாம் என்று பேசிய சபையில், ஜமீன்தாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற பேச்சு எழுந்தது.

எதிர்ப்பு எழுந்தது, அதுவும் சட்டப்படியே எழுந்தது. ஜமீன்தார் சங்கங்கள் கூடின, மனுக்கள் பறந்தன. சொத்துரிமையைப் பறிக்கும் அறிக்கை என்றனர். சட்டமாயின் கவர்னரின் ஒப்புதலும், அதற்கு மேலோரின் ஒப்புதலும் வேண்டியிருந்தன. காங்கிரசுக்குள்ளும் நிலமுடையோர் பலர் இருந்தனர். 1939-இன் தொடக்கத்தில் சபை அறிக்கையைப்பற்றி விவாதித்தது. மசோதா நிறைவேறவில்லை. அவ்வாண்டு அக்டோபரில், யுத்தத்தைக் காரணமாகக் கொண்டு மந்திரிசபை விலகியது. அறிக்கை அலமாரிக்குச் சென்றது. சிலர் கையில் இருக்கும் பெரும்படை காலதாமதமே. எதிர்த்து வெல்ல வேண்டுவதில்லை. அடுத்த தேர்தல் வரை, அடுத்த யுத்தம் வரை, அடுத்த கமிட்டி வரை பொறுத்திருந்தாற் போதும். உழவனோ அடுத்த கிஸ்தி வரையிலும் பொறுக்க இயலாதவன்.

யுத்த காலத்திற் பிரகாசம் சிறையில் இருந்தார். 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆந் தேதி, எழுபத்து மூன்று வயதில், சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். காந்தியடிகள் ராஜாஜியை விரும்பினார்; சட்ட சபைக் காங்கிரசார் பிரகாசத்தைத் தேர்ந்தனர். பதினொரு மாதங்கள் கூட நிறையாத அவ்வாட்சியில் இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு உரியன.

முதலாவது நூற்பாலை விஷயம். மாகாணத்திற் புதிதாக நூற்பாலைக் கதிர்கள் பெருகலாகாது, கிராமங்களிற் கைராட்டையும் கதரும் பரவவேண்டும் என்று அவர் திட்டமிட்டார். சில பிர்க்காக்களைத் தேர்ந்தெடுத்து அங்கே கிராமங்களை முழுமையாக வளர்க்க ஏற்பாடு செய்தார். ஆலை முதலாளிகள் கொதித்தெழுந்தனர். கடையநல்லூர் தறியொலி கேட்ட ஊர் ஆதலால், இதைப்பற்றி நாம் ஒரு சொல் கூறக் கடமைப்பட்டுள்ளோம். நம் கைத்தறி நெசவாளர் மில் நூலையே நம்பி நெய்தவர்கள். கைராட்டை நூல் அவர்தம் தறியின் வேகத்துக்கும் மெல்லிய சேலைக்கும் ஈடுகொடாது. ஆகவே ஆலைகளைத் தடுத்தால் நெசவாளர் வாழ்வர் என்று எண்ணியது பிரகாசத்தின் பிழை என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் ஆலை முதலாளிகள் அவரை எதிர்த்தது நெசவாளரின்மீது கொண்ட இரக்கத்தினால் அன்று. நூல் யாரிடம் இருக்கின்றதோ அவரிடமே தறியின் குடுமியும் இருக்கும். அதனை விட அவர்கள் விரும்பவில்லை. ஜமீன்தார் வீழத் தொடங்கிய அதே வேளையில் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்துகொண்டிருந்தனர் என்பதை அந்த ஆண்டு காட்டிற்று.

இரண்டாவது செய்தி கசப்பானது; ஆயினும் மறைத்தல் முறையன்று. பொதுமக்கள் தமக்களித்த பணமுடிப்புகளைப் பிரகாசம் தம் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தினார் என்ற குறை எழுந்தது. காந்தியடிகளே அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். தம் செல்வத்தை நாட்டுக்கு ஈந்தவர், நாட்டார் தமக்கு ஈந்ததை ஏற்பதிற் பிழை காணாதது இயல்பே. ஆயினும் மந்திரி நாற்காலியில் இருப்பவருக்கு முடிப்பு அளிப்போர் யாவரும் உழவரும் கூலியாட்களுமாகவே இருப்பரோ? வறியவர் ஆட்சிக்கு வருதற்கு யார் செலவு செய்வது, வந்தபின் அவர் எதை உண்டு வாழ்வது என்னும் கேள்விகளுக்குச் சட்டம் விடை வகுக்காத நாட்டில், செல்வர் கை தானே நீளும். சிலராட்சியை எதிர்த்தவரே அவ்விடத்தில் வழுக்கி நின்றார் என்பதை அவர் அன்பர்கள் பேச விரும்புவதில்லை. நாம் பேசுவது அவரைக் குறைத்தற்கன்று. அந்த வழுக்கு நிலம் எத்துணை அகன்றது என்பதைக் காட்டுதற்கே.

1947-ஆம் ஆண்டு மார்ச் மாதம், சொந்தக் கட்சியினரே அவரை நம்பாது விலக்கினர். ஆலை முதலாளிகளால்தான் வீழ்ந்தார் என்று கூறுவோர் உண்டு. அது பாதி உண்மை. கட்சிக்குள் குழுக்கள் பல. தெலுங்கர், தமிழர் என்ற பிணக்கும் இருந்தது. அவரும் பிறர் யோசனையை எளிதிற் கேட்பவர் அல்லர்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமரானார். அவர் காலத்தில், 1947-இல் ஜமீன் தீர்வைக் குறைப்புச் சட்டமும், 1948-இல் 26-ஆம் எண்ணுள்ள எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் நிறைவேறின. ஒன்பதாண்டு அலமாரியில் உறங்கிய அறிக்கை திட்டமிட்ட அளவுக்கு அவை செல்லவில்லை. ஜமீன்தாருக்கு நஷ்ட ஈடு வழங்கப்பட்டது: மிகச் சிறிய எஸ்டேட்டுக்கு ஆண்டு அடிப்படைத் தொகையின் 30 மடங்கு, மிகப் பெரியதற்கு 12½ மடங்கு. பண்ணை நிலங்கள் என்று அவர்கள் நிலைநாட்டியவற்றுக்கு அவர்களுக்கே பட்டா கிடைத்தது. எந்த நிலம் பண்ணை, எந்த நிலம் குடிகளுடையது என்பதைத் தீர்மானிக்கப் பழைய கணக்குகள் தேவைப்பட்டன; அக்கணக்குகளோ ஜமீன் கச்சேரிகளில் இருந்தன. வழக்குகள் பல ஆண்டு நீண்டன. நாடெங்கும் இத்தகைய சட்டங்களைக் கோர்ட்டுகளில் எதிர்த்தமையால், 1951-இல் அரசியலமைப்பையே முதன்முறை திருத்த நேர்ந்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகுமுன் இது நிகழ்ந்தது என்பது நோக்கத்தக்கது.

இருப்பினும் சட்டம் செய்த நன்மையை நாம் சிறிதாக எண்ணவில்லை. நம் சுற்றுவட்டாரத்தில் ஜமீன் கச்சேரியின் வாசலில் கைகட்டி நின்றவர் பேரன் இன்று தாலுகா அலுவலகத்தில் தன் பெயரிற் பட்டா வாங்குகின்றான். நிலமில்லாது கூலிக்கு உழுதவனுக்கு மட்டும் அச்சட்டத்தில் ஒன்றுமில்லை; பட்டா வாங்கியவனே அவனுக்குப் புது எசமானன் ஆயினான். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் தன் மலைக்காட்டில் எண்ணாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பகுதியை ஒரு பம்பாய்க் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருந்தது. ஜமீன் ஒழிந்தது, குத்தகை ஒழியவில்லை. மாஞ்சோலையின் தேயிலைத் தோட்டங்கள் அக்குத்தகையின்மேலே நடந்தன.

பிரகாசத்தின் இறுதி ஆண்டுகளை விரைந்து கூறுவோம். அவர் காங்கிரசை விட்டு விலகினார். 1952-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் சென்னை மாகாணத்தில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. எதிர்க்கட்சியினர் கூடி ஐக்கிய முன்னணி அமைத்துப் பிரகாசத்தைத் தலைவராக்கி ஆட்சியுரிமை கோரினர். கவர்னர் ராஜாஜியை அழைத்தார். தேர்தலில் நில்லாத அவர் மேற்சபை நியமன உறுப்பினராக ஆட்சிக்கு வந்தார். இது சட்டத்துக்கு முரணன்று. ஆனால் வாக்காளரிடம் செல்லாமல் ஆட்சி ஏற வழி திறந்திருந்தது என்பதை அன்று யாவரும் கண்டனர். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது, எண்பத்தொரு வயதுக் கிழவர் அதன் முதல் முதலமைச்சரானார். திருப்பதியில் ஸ்ரீவேங்கடேஸ்வரப் பல்கலைக்கழகம் அவர் ஆட்சியிற் பிறந்தது. மதுவிலக்குப் பிரச்சினையில் 1954 நவம்பரில், ஒரே வாக்கு வித்தியாசத்தில், அவர் மந்திரிசபை கவிழ்ந்தது.

அதன் பின்னும் ஊர் ஊராகச் செல்வதை அவர் விடவில்லை. 1957-ஆம் ஆண்டுக் கோடையில் ஒங்கோல் பக்கத்துக் கிராமங்களிற் சுற்றியபோது வெயிலின் கொடுமை தாக்கிற்று. ஹைதராபாதிலுள்ள உஸ்மானியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றனர். மே மாதம் 20-ஆந் தேதி உயிர் நீத்தார். சென்னையில் வரிசை வரிசையாக வீடுகள் வாங்கியிருக்கக் கூடிய அந்தப் பாரிஸ்டர் விட்டுச் சென்ற சொத்து யாதுமில்லை. விஜயவாடாவிற் கிருஷ்ணா நதியின் குறுக்கே அமைந்த புதிய அணைக்கு அவர் பெயர் இடப்பட்டது. ஒங்கோல் ஜில்லா 1972-இல் பிரகாசம் ஜில்லா ஆயிற்று. அவ்வணையின் நீர் பாயும் கால்வாய்க் கழனிகளுள் ஒரு காலத்தில் ஜமீன் நிலமாயிருந்தவை பல.